நிரூபிக்க வேண்டியவர் யார்?

சின்னசேலம் வட்டத்துக் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், தம் எல்லைக்குட்பட்ட ஏரியில் இரவு நேரத்தில் அனுமதியின்றி மண் அள்ளப்படுவதாக வட்டாட்சியருக்கு எழுத்துமூலம் அறிக்கை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் வண்டி எண்கள் இருக்கின்றன. உள்ளூர்ப் பெரும்புள்ளி ஒருவரின் பெயரும் இருக்கிறது. சில வாரங்களில் அவருக்குக் கல்வராயன் மலைக்கு மாற்றல் ஆணை வருகிறது. ஆணையில் ஏரியைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ‘நிர்வாக நலன் கருதி’ என்று மட்டும் இருக்கிறது.

இது பழிவாங்கல் என்று அவருக்குத் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்து உதவியாளருக்குத் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். அவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் மட்டும் கதை வேறு. சம்பளம் குறைந்ததா? இல்லை. பதவி இறங்கியதா? இல்லை. மாற்றல் என்பது பணி நிபந்தனைகளில் ஒன்றுதானே? ஆம். அப்படியானால் இந்த ஆணைக்குப் பின்னால் உள்நோக்கம் இருந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான வழக்குகள் சாய்கின்றன.

முறைகேட்டைச் சொன்ன அரசு ஊழியரைப் பற்றிப் பேசும்போது நாம் அவருடைய துணிச்சலையும் தியாகத்தையும் பேசுகிறோம். சட்டம் அவரை எங்கே கைவிடுகிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. உள்நோக்கத்தை நிரூபிக்கும் சுமை யார் தலையில் ஏற்றப்படுகிறது என்பதுதான் அந்த இடம். இந்தியாவில் இந்தக் கேள்விக்கு அடித்தளமிட்ட வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே போனது. அதைத் தொடுத்தவர் கடைநிலை ஊழியர் அல்லர். மாநிலத்தின் தலைமைச் செயலர்.

தலைமைச் செயலரின் வழக்கு

இ.பி.ராயப்பா 1969 நவம்பரில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலரானார். முதலமைச்சர் மு.கருணாநிதி. 1972 ஏப்ரலில் ராயப்பா அந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். அவருக்கு இளையவரான பி.சபாநாயகம் தலைமைச் செயலரானார். அதே ஆண்டு ஜூனில் ராயப்பாவுக்கு இன்னொரு ஆணை வந்தது: விற்பனை வரிச் சட்டத்தைச் சீரமைக்கும் பணிக்குத் தனி அலுவலர். அவர் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. அரசமைப்பின் 32ஆவது கூறின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

அமெரிக்காவில் அரசு ஊழியர்கள் தொடுக்கும் ‘குடிமை உரிமை வழக்கு’க்கு நம் அரசமைப்பில் மிக நெருங்கி நிற்பது இந்த வடிவம்தான். அரசு என் அடிப்படை உரிமையை மீறியது, ஆகவே அதன் ஆணையை ரத்து செய்யுங்கள் என்பது கோரிக்கை. ராயப்பா மூன்று வாதங்களை வைத்தார். ஒன்று, பணி விதிகள் மீறப்பட்டன. இரண்டு, சமத்துவ உரிமை தரும் 14, 16 ஆகிய கூறுகள் மீறப்பட்டன. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். கூவம் சீரமைப்புத் திட்டத்திலும், வீராணம் குடிநீர்த் திட்டத்தின் ஒப்பந்தத்திலும், 1971 தேர்தல் காலத்துச் சட்டம் ஒழுங்கு விஷயத்திலும் தாம் எடுத்த நிலைப்பாடு முதலமைச்சருக்குப் பிடிக்கவில்லை. அதற்கான பழிவாங்கலே இந்த மாற்றல் என்றார். அரசு தரப்பு அத்தனையையும் மறுத்தது.

1973 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மனு தள்ளுபடி. ஐவரும் முடிவில் ஒன்றுபட்டார்கள். ஆனால் சந்திரசூட், கிருஷ்ணய்யர் ஆகியோருக்கும் சேர்த்து பகவதி எழுதிய தீர்ப்புரையில் ஒரு பத்தி இந்திய அரசமைப்புச் சட்டத்தின் போக்கையே திருப்பிவிட்டது. சமத்துவமும் தான்தோன்றித்தனமும் ஒன்றுக்கொன்று பகை. அரசின் செயல் தான்தோன்றித்தனமானது என்றால் அதுவே சமத்துவ உரிமையை மீறுவதுதான் என்ற கோட்பாடு அங்கேதான் பிறந்தது. அடுத்து வந்த மேனகா காந்தி வழக்கு (1978), அஜய் ஹாசியா வழக்கு (1981) எல்லாம் இந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தவை. இன்றைக்குக் கல்லூரிச் சேர்க்கையோ டெண்டரோ எதுவானாலும், அரசின் முடிவை எதிர்த்து வழக்குப் போடுகிறவர் ராயப்பாவின் பெயரைச் சொல்லாமல் இருப்பது அரிது.

சட்டக் கல்லூரிகளில் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள். அதே தீர்ப்பின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உள்நோக்கம் கற்பிப்பது எளிது, நிரூபிப்பது கடினம். குற்றம் சாட்டுபவர் மீதே மிகப் பெரிய நிரூபணச் சுமை இருக்கிறது. சூழ்நிலைகள் சந்தேகத்தைக் கிளப்பினாலும் சந்தேகம் ஆதாரத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது என்றது நீதிமன்றம். பொறுப்பான உயர் பதவியில் இருப்பவர் மீது குற்றச்சாட்டு என்றால் அதற்கேற்ப உயர்ந்த தரத்தில் ஆதாரம் வேண்டும் என்றும் சொன்னது.

இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாநிலத்தின் கோப்புகள் அனைத்தும் கடந்து செல்லும் நாற்காலியில் இரண்டரை ஆண்டு உட்கார்ந்தவர் ராயப்பா. எந்தக் கோப்பில் யார் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியும். நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகும் வசதியும் அவருக்கு இருந்தது. அவராலேயே தாண்ட முடியாத உயரத்தில் அந்தக் கம்பு வைக்கப்பட்டது. அதே கம்பைத்தான் இன்று ஊராட்சிச் செயலரும், சுகாதார ஆய்வாளரும், இரண்டாம் நிலைக் காவலரும் தாண்ட வேண்டியிருக்கிறது.

1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் மத்திய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையம் விசாரித்த குற்றச்சாட்டுகளில் வீராணமும் ஒன்று. அரசியல் பகையும் நெருக்கடி நிலையும் கலந்த அந்தக் காலத்து விசாரணைகளைக் கொண்டு எவரையும் இன்று நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க முடியாது. கவனிக்க வேண்டியது வேறு: ஒரு திட்டத்தைப் பற்றி அதிகாரி எழுப்பிய கேள்வி சரியா தவறா என்பதை விசாரிக்க நாட்டில் ஒரு வழி இருந்தது, அந்தக் கேள்வியை எழுப்பியதற்காக அவர் நகர்த்தப்பட்டாரா என்பதை விசாரிக்க அந்த உயரக் கம்பைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆணைகளின் மொழி

அரசு அலுவலகத்தில் பழிவாங்கல் பெரும்பாலும் காகிதத்தில்தான் நடக்கும். அதற்கு நான்கைந்து உருவங்கள் உண்டு. முதலாவது மாற்றல். இரண்டாவது மெமோ, அதாவது விளக்கம் கேட்டு ஓலை. மூன்றாவது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ). ‘பதினேழு பி போட்டுட்டாங்க’ என்றால் அந்த ஊழியரின் பதவி உயர்வு நின்றுவிட்டது என்று அலுவலகத்தில் அனைவருக்கும் புரியும். நான்காவது பணியிடைநீக்கம். ஐந்தாவது எல்லாவற்றையும்விடக் கொடியது: முப்பது ஆண்டு வேலை பார்த்தவரை ஓய்வுபெறும் நாளன்று பணியிடைநீக்கம் செய்து, ஓய்வுபெறவும் விடாமல், ஓய்வூதியப் பலன்களையும் தராமல் நிறுத்திவைப்பது. அடிப்படை விதி 56 அதற்கு இடம் தருகிறது. இந்தப் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அரசே அறிவிக்கும் அளவுக்கு அது தமிழ்நாட்டில் பெருகியிருந்தது.

இவை ஒவ்வொன்றும் சட்டப்படி செல்லும். ஒவ்வொன்றுக்கும் நேர்மையான பயன்பாடும் உண்டு. இதனால்தான் இவற்றுக்குள் ஒளிந்திருக்கும் வஞ்சத்தைப் பிரித்துக் காட்டுவது கடினமாகிறது. மாற்றல் ஆணைகளில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. சட்ட விதியை மீறியதாகவோ உள்நோக்கத்தோடு பிறப்பித்ததாகவோ இருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கு அவ்வப்போது பலித்திருக்கிறது. 2008இல் சோமேஷ் திவாரி வழக்கில், யாரோ பெயரில்லாமல் எழுதிய புகாரை வைத்து போபாலிலிருந்து ஷில்லாங்குக்கு மாற்றப்பட்ட மத்திய கலால் அதிகாரிக்கு உச்ச நீதிமன்றம் நிவாரணம் தந்தது. தண்டனைக்குப் பதிலாகப் பிறப்பிக்கப்படும் மாற்றல் செல்லாது என்றது. 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில், குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் பணியிடைநீக்கத்தை இழுக்கக் கூடாது என்றது. அதற்கு முன், 2013 அக்டோபரில், முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், மாற்றல்களைக் குடிமைப் பணிகள் வாரியம் பரிந்துரைக்க வேண்டும், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்று உத்தரவிட்டது. இதில் பெரும் பயன் அனைத்திந்தியப் பணி அதிகாரிகளுக்கு. வட்டாட்சியர் அலுவலகம்வரை அந்தத் தண்ணீர் இறங்கி வரவில்லை.

மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம், கிரானைட் குவாரிகளில் நடந்த முறைகேட்டால் அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012 மே மாதம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதே மே மாதம் கோ-ஆப்டெக்ஸ் நிர்வாக இயக்குநராக மாற்றப்பட்டார். மாற்றல் ஆணையும் அறிக்கையும் தொடர்புடையவை என்று அந்த ஆணையில் எங்கும் இல்லை. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதே கிரானைட் விவகாரத்தை விசாரிக்க அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. நீதிமன்றத்தால் அவரை அந்த வேலைக்குத் திரும்ப அழைக்க முடிந்தது. அவர் ஏன் அந்த இடத்திலிருந்து அகற்றப்பட்டார் என்ற கேள்வி எந்த நீதிமன்றத்திலும் விடை காணவில்லை. அவர் அதைக் கேட்டு வழக்கும் தொடரவில்லை. கேட்டிருந்தாலும் ராயப்பா தீர்ப்பு அவருக்கு முன்னால் நின்றிருக்கும்.

மலையடிவாரத்தில் இதன் விளைவு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தக் கேள்வி சட்டப் புத்தகத்தோடு நிற்பதில்லை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தின் ஒரு பக்கம் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையும் மரவள்ளிக் காடும் மக்காச்சோளக் காடும். மறுபக்கம் கல்வராயன் மலை. 1976வரை சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. பிற பகுதிகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்த சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அங்கே தாமதமாகத்தான் ஏறின. சாராயக் காய்ச்சலுக்கு மலை பெயர் பெற்றதற்கும் இந்த வறுமைக்கும் உள்ள தொடர்பை 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் கவனித்தது.

‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்ற மிரட்டல் தமிழ்நாட்டு அலுவலகங்கள் அனைத்துக்கும் பொதுவானது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அப்படி ஒரு காடு உண்டு. கள்ளக்குறிச்சியில் அது மலை. மலைப் பணி என்றாலே தண்டனை என்று ஊழியர்கள் நினைக்கும் நிலை நீடிக்கும்வரை, பழிவாங்கல் மாற்றலால் பாதிக்கப்படுகிறவர் மாற்றப்பட்டவர் மட்டுமல்லர். மனமில்லாமல் வந்து, எப்போது இறங்குவோம் என்று நாளெண்ணும் ஊழியரைக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை மக்கள் பெறுகிறார்கள். அரசின் கண்ணும் கையும் மிகத் தேவைப்படும் இடத்துக்கு அரசு தன் கோபத்தின் மிச்சத்தை அனுப்புகிறது.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் விழத் தொடங்கினார்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூட்டப்பட்டன. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில் சாராயம் விற்கப்பட்டது என்பதுதான் அந்த நாட்களில் மக்களை மிகவும் கொதிக்கவைத்த செய்தி.

இந்தப் பட்டியலில் இருப்பவை அனைத்தும் சாவுக்குப் பின் நடந்தவை. சொல்லாமல் இருந்தவர்களைத் தண்டிக்கும் ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. சாவுக்கு முன் சொல்லக்கூடியவரைக் காக்கும் ஏற்பாடு இல்லை. ஒரு தெருவில் சாராயம் விற்கிறது என்றால் அந்தப் பகுதியின் காவலருக்கும், கிராம உதவியாளருக்கும், செவிலியருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் அது தெரிய வழியுண்டு. அவர்களில் எவராவது மேலதிகாரிகளைத் தாண்டிச் சொல்ல முடிவெடுத்தால் அவர் தம் மனத்தில் போடும் கணக்கு எளிது: சொல்லாவிட்டால், விபரீதம் நடந்தால் மட்டும் ஆபத்து, சொன்னால் உறுதியான ஆபத்து, அதுவும் உடனே.

அந்த ஆபத்து சில நேரங்களில் உயிருக்கே வரும். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், தாமிரபரணி மணல் கடத்தல் குறித்துக் காவல்துறையில் புகார் தந்தவர். 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டப்பட்டு இறந்தார். செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐந்தே மாதத்தில் வந்த தீர்ப்பு அது. கொலைக்குச் சாட்சியும் தடயமும் உண்டு என்பதால் சட்டம் வேகமாக ஓடியது. பழிவாங்கல் மாற்றலுக்கு அவை இல்லை.

அதே வேறுபாட்டை விழுப்புரத்து நீதிமன்றத்திலும் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்ட பெண் ஐ.பி.எஸ். அதிகாரியின் வண்டி, செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் காவல்துறையினராலேயே மறிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கண்காணித்தது. 2023 ஜூனில் விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. வண்டியை மறித்த காவல் கண்காணிப்பாளர் கண்ணனுக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றமும் சிறைத் தண்டனையை உறுதிசெய்தது. ஒரு ஐ.பி.எஸ். அதிகாரியின் புகாரையே நெடுஞ்சாலையில் தடுத்து நிறுத்தப் பார்த்தார்கள் என்பதும், அந்தத் தடுப்புக்கு விலை 500 ரூபாய் என்பதும் ஒருபுறம். சாலையில் மறித்ததற்குச் சாட்சிகள் இருந்தார்கள் என்பது மறுபுறம். இதுவே ஒரு மாற்றல் ஆணையாக வந்திருந்தால் எதைச் சாட்சியாகக் காட்டியிருக்க முடியும்?

2025 ஜூலையில் மயிலாடுதுறை மதுவிலக்குப் பிரிவு டி.எஸ்.பி. சுந்தரேசன் அலுவலகத்துக்கு நடந்தே போகும் காட்சி மாநிலமெங்கும் பரவியது. நேர்மையாக வேலை செய்ததற்காகத் தம் வாகனம் பறிக்கப்பட்டது என்றார் அவர். காவல்துறை அதை மறுத்தது. சில நாட்களில் அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். எது உண்மை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. தம் குறையை முறையாக வைத்து, அது பழிவாங்கலா இல்லையா என்று குறித்த காலத்துக்குள் விடை பெற அவருக்கு ஓர் இடம் இருந்திருந்தால், ஊடகத்தின் முன் அவர் நின்றிருக்கத் தேவையே இருந்திருக்காது.

அமலுக்கு வராத சட்டம்

அப்படி ஓர் இடத்தை உருவாக்கும் சட்டம் இந்தியாவில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பின்னால் ஒரு பொறியாளரின் சாவு இருக்கிறது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பணியாற்றிய சத்யேந்திர துபே, 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு ஒப்பந்த முறைகேடுகளைப் பட்டியலிட்டுக் கடிதம் எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில், உச்ச நீதிமன்றமும் கேள்வி எழுப்ப, 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. மத்திய கண்காணிப்பு ஆணையத்திடம் ரகசியமாகப் புகார் தரலாம் என்றது அது. ஆனால் மத்திய அரசு, அதன் நிறுவனங்களோடு அதன் எல்லை முடிகிறது. மாநில அரசின் ஊழியருக்கு அது பொருந்தாது.

பத்தாண்டு கழித்து, 2014 மே மாதம், முறைகேடுகளை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இது மாநில ஊழியர்களுக்கும் பொருந்தும். குறைகள் பல உண்டு. பெயரில்லாப் புகாரை ஏற்காது. ஏழு ஆண்டுக்கு முந்தைய விவகாரத்தைத் தொடாது. பழிவாங்கல் என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. தெரிந்தே பொய்ப் புகார் தந்தால் இரண்டாண்டுவரை சிறை. ஆனால் 11ஆவது பிரிவில் ஒரே ஒரு நிபந்தனை, ராயப்பா தீர்ப்பு வைத்த கம்பை அப்படியே எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. புகார் தந்தவர் ‘என்னைப் பழிவாங்குகிறார்கள்’ என்று தகுதிவாய்ந்த அதிகாரியிடம் முறையிட்டால், இந்த நடவடிக்கை பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் சுமை அரசு அமைப்பின் மீதே விழும். அவரைப் பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவர உத்தரவிடும் அதிகாரமும் உண்டு.

இந்தச் சட்டம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எந்த நாளிலிருந்து அமல் என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும், வெளியிடவில்லை. மாறாக, 2015இல் ஒரு திருத்த மசோதா வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் விலக்குகளைப் போன்ற பத்து வகைத் தகவல்களை இந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்தே நீக்கும் மசோதா அது. மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் தேங்கியது, 2019இல் மக்களவையின் ஆயுளோடு காலாவதியானது. ஊழலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2011இல் ஏற்றது; நல்லெண்ணத்தோடு புகார் தருபவர்களைக் காப்பது குறித்து அதன் 33ஆவது கூறு பேசுகிறது. ஒப்புக்கொண்டதும் எழுதியதும் இருக்க, நடைமுறைப்படுத்தும் ஒரு வரி அறிவிக்கைக்காகச் சட்டம் பத்தாண்டுக்கு மேலாகக் காத்திருக்கிறது.

பிற நாட்டு அளவுகோல்

நிரூபணச் சுமையை எப்படிப் பங்கிடலாம் என்பதில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் மவுண்ட் ஹெல்தி வழக்கில் சொன்னது பயனுள்ளது. ஓகாயோ மாநிலத்து ஆசிரியர் ஒருவர், பள்ளி நிர்வாகத்தின் உடை விதி பற்றி உள்ளூர் வானொலிக்குத் தகவல் சொன்னார். அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மாணவிகளிடம் அநாகரிகமாகச் சைகை காட்டினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது இருந்தது. நீதிமன்றம் இரண்டு படிகள் வைத்தது. தம் பேச்சு அந்த முடிவுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஊழியர் முதலில் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், அவர் பேசாமல் இருந்திருந்தாலும் இதே முடிவை எடுத்திருப்போம் என்று நிர்வாகம் நிரூபிக்க வேண்டும். இந்த முறையில் நேர்மையான புகார்தாரரும் காக்கப்படுகிறார். புகாரைக் கேடயமாகப் பிடிக்கும் குற்றவாளியும் தப்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆணையும் நிரூபணச் சுமையை நிர்வாகத்தின் மீதே வைக்கிறது.

அமெரிக்க வழி எல்லாமே பின்பற்றத்தக்கது என்று சொல்ல முடியாது. 2006இல் கார்செட்டி வழக்கில் அதே நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ஊழியர் தம் அலுவல் கடமையின் பகுதியாக எழுதிய குறிப்புக்கு அரசமைப்பின் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்றது. சோதனை ஆணைக்கான பிரமாணப் பத்திரத்தில் பொய் இருக்கிறது என்று மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதிய துணை அரசு வழக்கறிஞரின் வழக்கு அது. இந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் விபரீதம். மண் திருட்டையும் ஆக்கிரமிப்பையும் மேலே தெரிவிப்பதே கிராம நிர்வாக அலுவலரின் வேலை. ‘உன் வேலையைத்தானே செய்தாய், அதற்கென்ன தனிப் பாதுகாப்பு?’ என்று சட்டம் கேட்டால், வேலையைச் செய்யாமல் இருப்பவரே பாதுகாப்பாக இருப்பார்.

எதிர்வாதத்தின் நியாயம்

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு கவலை உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. சுமையை அரசின் மேல் வைத்தால், 17(ஆ) வரப்போகிறது என்று மோப்பம் பிடித்த ஊழியர் முந்திக்கொண்டு மேலதிகாரி மீது ஒரு புகாரைத் தட்டிவிட்டு, அதன் நிழலில் ஒதுங்கமாட்டாரா? ஒதுங்குவார். 2013இல் மனோஜ் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தைத் தயங்கவைத்ததும் இத்தகைய எண்ணம்தான். குஜராத்தின் காக்ரபார் அணுமின் நிலையத்தில் 1994இல் மழைவெள்ளம் புகுந்ததைப் பற்றி நாளிதழுக்கு எழுதிய ஊழியர் அவர். வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரை முறைகேட்டை வெளிப்படுத்தியவராக ஏற்க நீதிமன்றம் மறுத்தது. தம் நிறுவனத்துக்குள் இருந்த வழிகளை நாடாமல் நேராகப் பத்திரிகைக்குப் போனதை அது குறையாகக் கண்டது.

உள்வழிகள் இருந்தால் அவற்றை முதலில் நாட வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். அந்த உள்வழியில் போகிறவரைக் காக்கும் விதி ஒன்று இருந்தால்தான் அந்த எதிர்பார்ப்புக்கு மரியாதை. வட்டாட்சியர் மேல் புகாரை வட்டாட்சியர் மூலமாகவே அனுப்பு என்று சொல்லிவிட்டு, பிறகு ஏன் வெளியே போனாய் என்று கேட்பது முறையல்ல.

முந்திக்கொள்ளும் குற்றவாளியைப் பிடிக்கத் தேதிகளே போதும். புகார் எந்தத் தேதியில் தபால் பதிவேட்டில் ஏறியது, குற்றச்சாட்டின் முதல் குறிப்பு எந்தத் தேதியில் கோப்பில் எழுதப்பட்டது, மாற்றலுக்கான முன்மொழிவை யார் எப்போது தொடங்கினார் என்ற வரிசையை ஒரு தாளில் எழுதினால் பெரும்பாலான வழக்குகளில் உண்மை வெளிவந்துவிடும். அந்தக் கோப்புகள் எல்லாம் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கின்றன. ஊழியரிடம் இருப்பது தபால் ஒப்புகை ஒன்றுதான். சுமையை நிர்வாகத்தின் மேல் வைப்பதற்கான மிக எளிய காரணமும் இதுதான்: யாரிடம் ஆவணம் இருக்கிறதோ அவரே காட்டட்டும்.

இதனால்தான் முறைகேட்டைச் சொல்ல நினைக்கும் ஊழியருக்கு அனுபவமுள்ளவர்கள் தரும் அறிவுரையும் காகிதத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. வாயால் சொல்லாதே, எழுது. நகலில் ஒப்புகை முத்திரை வாங்கு. வாய்மொழி உத்தரவு வந்தால் அதை உறுதிப்படுத்தக் கேட்டு ஒரு கடிதம் போடு. மாற்றல் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்புகளின் நகலைக் கேள். நல்ல அறிவுரைதான். ஆனால் சட்டம் செய்ய வேண்டிய வேலையைத் தனிமனிதரின் முன்னெச்சரிக்கை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கும் இதுவே சான்று.

மாநிலம் செய்யக்கூடியது

மத்திய அரசு அறிவிக்கை வெளியிடும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. மாநில ஊழியர்களின் பணி நிபந்தனைகள் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை; அரசமைப்பின் 309ஆவது கூறின்கீழ் விதி செய்யும் உரிமை ஆளுநர் வழியாக அரசுக்கே இருக்கிறது. ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும். முறைகேடு பற்றி எழுத்துமூலம் அறிக்கை தந்த ஊழியர் மீது, ஓராண்டுக்குள் மாற்றலோ குறிப்பாணையோ பணியிடைநீக்கமோ வந்தால், அதற்கான காரணமும் அந்தக் காரணம் முதலில் பதிவான தேதியும் ஆணையிலேயே குறிப்பிடப்பட வேண்டும். ஊழியர் முறையிட்டால், ஆணை பிறப்பித்தவருக்கு மேற்பட்ட அதிகாரி கோப்பை வரவழைத்து, குறித்த காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் ஆணை நடைமுறைக்கு வரக் கூடாது.

காவல்துறைக்கும் இதே விதியை அதற்குரிய ஒழுங்கு விதிகளில் சேர்க்கலாம். மலைப் பகுதி மாற்றலுக்கு இன்னொரு நிபந்தனையும் வேண்டும்: விருப்பம் கேட்டு, ஊக்கப்படி கொடுத்து, முறைவைத்து அனுப்பும் இடமாகக் கல்வராயன் மலையை மாற்ற வேண்டும். அங்கே போவது தண்டனை இல்லையென்றால் அங்கே அனுப்புவதாக மிரட்டவும் முடியாது. அங்கே இருக்கும் மக்களுக்கும் மனமுவந்து வேலை செய்பவர் கிடைப்பார்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை, புதிய ஆணையம் தேவையில்லை, டெல்லியின் தயவும் வேண்டாம். தன் ஆணைக்குத் தானே காரணம் சொல்ல அரசு தயாராக இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. நல்ல காரணம் இருக்கும் அரசுக்கு அதைச் சொல்வதில் நட்டமில்லை. சொல்லத் தயங்கும் அரசிடம், 1973இல் ஒரு தலைமைச் செயலரிடம் கேட்ட அதே ஆதாரத்தை இனி நீதிமன்றமும் சட்டமன்றமும் கேட்கத் தொடங்க வேண்டும்.